5 மில்லிசெகண்டு பஞ்சாயத்து

ராயபுரம் ரூட்டர்: ரூட்டர்ல பாக்கெட், அதாவது டேட்டா துண்டு, வரிசையில காத்திருக்கற இடம் பஃபர். அந்த வரிசை நீளாம பாத்துக்கற முறை கோடெல். நேத்து ஒருத்தர் எழுதறாரு, "கோடெல் போட்டா 5 மில்லிசெகண்டு தாண்டின பாக்கெட்டையெல்லாம் தூக்கிப் போட்டுடும், பெரிய பஃபரே மேல்"னு. வயிறு எரியுது. 100 மில்லிசெகண்டு முழுக்க காத்திருப்பு ஒரு தடவைகூட 5-க்குக் கீழ இறங்கலன்னாத்தான் அது கை வைக்கும். அதை உருவாக்கின கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-லயே தெளிவா எழுதிட்டாங்க.

வியாசை கேரம்: அந்த ஒருத்தர் நான்தான். தைரியமா பேரைச் சொல்லு. 5 தாண்டினா போடுதா இல்லியா?

ராயபுரம் ரூட்டர்: தாண்டின உடனே போடாதுபா. கொருக்குப்பேட்டை கேட் மூடினா வண்டி சேருது, திறந்தா கலையுது. அதுல தப்பில்ல. ஹார்பருக்குப் போற கன்டெய்னர் லாரி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல மணிக்கணக்கா கலையாம நிக்குது பாரு, அந்த மாதிரி வரிசையைத்தான் அடிக்கும்.

வியாசை கேரம்: லாரி கதை வேணாம். 5-ன்னா 5.

ராயபுரம் ரூட்டர்: உன் அப்லோடு 10 மெகாபிட். பஃபர்ல 1 மெகாபைட் ரொம்பினா காலியாக 0.8 செகண்டு. வீட்ல யாராவது வீடியோ ஏத்தறப்ப உன் கேம்ல பிங் 800 எகிறுதே, அது இதனாலதான். பொதுவா பாக்கெட் விழுந்தாத்தான், டேட்டா அனுப்பற விதிமுறையான டிசிபி வேகத்தைக் குறைக்கும். பெரிய பஃபர் அந்தச் சேதியையே லேட்டாக்குது.

தண்டையார்பேட்டை பெருசு: 1993-லயே சாலி ஃப்ளாய்டும் ஜேக்கப்சனும், வரிசை ரொம்பறதுக்கு முன்னாடியே பாக்கெட்டைப் போடற ரெட் முறையைக் கொண்டாந்தாச்சு. அதை ட்யூன் பண்ணத் தெரியாதவன்தான் கோடெல் கோடெல்னு ஆடறான்.

ராயபுரம் ரூட்டர்: அண்ணே, ரெட்டுல லிங்க்குக்கு லிங்க் அளவு மாத்தணும்னா யார் உக்காந்து மாத்தறது? ரெட் பார்க்கறது சராசரி வரிசை நீளத்தை. கோடெல் பார்க்கறது பாக்கெட் எவ்ளோ நேரம் நின்னுச்சுன்னு.

தண்டையார்பேட்டை பெருசு: போன மாசம் நான் கேட்டதுக்குப் பதில் சொல்லாம ஓடினவரு இப்ப பாடம் எடுக்கறாரு.

ராயபுரம் ரூட்டர்: ஓடல. அம்மா ஆஸ்பத்திரில இருந்தாங்க, உங்களுக்கும் தெரியும். அதை இங்க இழுக்காதீங்க.

பெரம்பூர் லோகோ: நெரிசல்னு பாக்கெட்லயே குறி வைக்கற ஈசிஎன் இருந்தா போடவே வேணாமே, குறி வச்சு அனுப்பினா போதும். 2001-லயே வந்துடுச்சு.

ராயபுரம் ரூட்டர்: அனுப்பறது, வாங்கறதுன்னு ரெண்டு முனையும் ஒத்துக்கணும் தல. இல்லன்னா டிராப்தான். வரிசை அடங்கலன்னா அடுத்தடுத்த டிராப் இன்னும் சீக்கிரம் வரும்.

வியாசை கேரம்: பாத்தியா, போடும்னு நீயே ஒத்துக்கிட்ட!

ராயபுரம் ரூட்டர்: 100-ஐ ஏன்யா முழுங்கற? 100 மில்லிசெகண்டு!

தண்டையார்பேட்டை பெருசு: என் கேள்வி இன்னும் அப்படியேதான் கிடக்குது.

வியாசை கேரம்: 5.