கவலைப்படுவது என் சுபாவமா, நோயா?

செவ்வந்தி:
வயது 29. சின்ன வயதிலிருந்தே எதையும் மனதில் போட்டு உருட்டுகிற ஆள் நான். மேலாளர் ஒரு மெயிலுக்குப் பதில் போடவில்லை என்றால் ராத்திரி இரண்டு மணி வரை ‘என்ன தப்பு செய்தேன்’ என்றே ஓடும். அம்மாவும் இப்படித்தான். இப்போது மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பாட்டுக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. வீட்டில் “உன் சுபாவமே அதுதானே” என்கிறார்கள். பிறவிக் குணம் என்றால் மருத்துவரிடம் போய் என்ன ஆகப்போகிறது?

கரிசல்காடு:
உளவியல் படித்தவன் என்பதால் சொல்கிறேன். சட்டென்று கலங்கிப்போகும் குணத்தை நியூரோட்டிசிசம் என்பார்கள். அது நோய் இல்லை, ஆனால் அது கூடுதலாக உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றநோயும் வரும் வாய்ப்பு அதிகம். குணத்திலிருந்து நோய்க்குப் போகும் வழிகளில் முக்கியமானது நீங்கள் சொன்ன அந்த உருட்டல்தான். 1989 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் மனம் வாடினால் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்திருந்தார். ஏழு வாரம் கழித்துப் பார்த்தபோதும், முன்பே அசைபோடும் பழக்கம் இருந்தவர்களிடம் சோர்வு கூடுதலாக இருந்தது. குணம் மாறாது என்பதும் சரியில்லை. சிகிச்சையில் அது ஓரளவு குறைவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

மல்லிகா அக்கா:
செவ்வந்தி, நானும் இதில் கிடந்தவள்தான் அம்மா. “பாசிட்டிவா நினை” என்று சொல்லாத ஆள் இல்லை, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, அப்படி நினைக்க முடியவில்லையே என்று இன்னொரு கவலைதான் சேர்ந்தது. எனக்கு உதவியது, ‘ஏன் எனக்கு மட்டும் இப்படி’ என்று ஓடும்போது அதை நிறுத்தி ‘சரி, நாளைக் காலையில் முதலில் என்ன செய்யப்போகிறேன்’ என்று மாற்றிக் கேட்கச் சிகிச்சையாளர் பழக்கியதுதான். முதல் மாதம் எதுவும் நடக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அப்புறம்தான் மெதுவாகப் பிடிபட்டது.

கரிசல்காடு:
இன்னொன்று. தூக்கம், பசி, ஆர்வம் மூன்றும் போய் மூன்று மாதம் என்பது சாதாரணமில்லை, இரண்டு வாரம் நீடித்தாலே பார்க்க வேண்டியது. அரசின் மனநல உதவித் தொலைபேசி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

செவ்வந்தி:
நன்றி அக்கா, நன்றி நண்பரே. இன்றே கூப்பிடுகிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா?