படம் பூரா மழை: பழைய ரீல்களை டிஜிட்டலாக்குவது பற்றி, அவற்றோடு பழகியவர்கள் சொல்வது

ஸ்கேனிங் லேபில் இருந்தவர்:
பெட்டியைத் திறந்ததுமே வினிகர் வாடை மூக்கில் ஏறும். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் வெக்கையிலும் ஈரத்திலும் கெட்டுப்போனால் அசிட்டிக் அமிலம்தான் கிளம்பும். ரீல் சுருங்கி, ஓரத்துத் துளைகளின் இடைவெளி மாறியிருக்கும். பல்சக்கரத்தில் மாட்டினால் கிழிந்துவிடும். பல்லே இல்லாத, உருளைகளில் ஓடும் ஸ்கேனர் வந்த பிறகுதான் அந்த ரீல்களைத் தொடவே எங்களுக்குத் தைரியம் வந்தது.

கலர் வெளுத்து ரோஸாகப் போனதைக்கூட ஓரளவு மீட்டுவிடலாம். தலைவலி, தானாகக் கீறல் நீக்கும் மென்பொருள். ஒரே ஒரு ஃபிரேமில், அதாவது ரீலில் உள்ள ஒற்றைப் படத்தில், வந்து போகிற எதுவும் அதற்குத் தூசிதான். ஒரு போர்க்காட்சியில் அம்புகளையே துடைத்துவிட்டது. வில் வளைகிறது, எதிரி விழுகிறான், நடுவில் ஒன்றையும் காணோம்! மூன்று மணி நேரப் படம் என்றால் 2,59,200 ஃபிரேம். அத்தனையையும் மனுஷக் கண்ணால் பார்த்தாக வேண்டும். படத்தின் உரிமை வைத்திருப்பவர் அடுத்த வாரமே ரிலீஸ் என்பார்.

ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர்:
அம்பு கதை அருமை சார். தேய்ந்து, திரை முழுக்கக் கீறல் கோடாக ஓடும் பிரிண்ட் வந்தால் ‘படம் பூரா மழை’ என்போம். உங்கள் மென்பொருள் நிஜ மழையையும் நிறுத்திவிடும் போல. 1964-இல் வந்த ‘கர்ணன்’ 2012-இல் டிஜிட்டலில் திரும்ப வந்தபோது பேரனோடு போனேன். கலரில் குறையே இல்லை. ஆனால் பொதுவாக, ஒரே ட்ராக்கில் பதிந்த பழைய ஒலியை நாலு பக்கமும் பிரித்து அனுப்புவது எனக்கு ஒட்டவில்லை.

தஞ்சாவூர்க்காரர்:
தாத்தா டூரிங் டாக்கீஸ் நடத்தினார். பரணில் 16 எம்.எம். ரீல்கள் கிடக்கின்றன. டிவிடியில் ஏற்றிவிட்டுத் தூக்கிப் போடலாமா?

ஸ்கேனிங் லேபில் இருந்தவர்:
ஐயோ, போட்டுவிடாதீர்கள். டிவிடி ரீலுக்கு முன்னால் போய்விடும். லேபிலேயே எல்டிஓ டேப்பில்தான், அதாவது கணினித் தரவைப் பதியும் காந்த நாடாவில்தான், சேமிப்போம். அதிலும் எட்டாம் தலைமுறைக் கருவி ஆறாம் தலைமுறை டேப்பைப் படிக்காது. சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 16 எம்.எம். என்பதால் அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் மாதிரி தீப்பற்றிக்கொள்ளும் என்ற பயம் வேண்டாம். வாடை அடிக்கும் பெட்டிகளைத் தனியாகப் பிரியுங்கள், இல்லாவிட்டால் மற்றதும் கெடும். பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். பெட்டி மேல் எழுதியிருப்பதைப் படம் எடுத்து முதலில் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அப்புறம், பரணிலிருந்து இறக்கிக் கீழே நிழலான அறையில் வையுங்கள்; ஓட்டுக்கடியில் இருக்கிற சூடு ஆகாது.