வேலிடிட்டிக்குப் 'பயன்பொருத்தம்' – ஒரு பரிந்துரை

குழுமத்தாருக்கு வணக்கம்.

தேர்வு மதிப்பெண்ணை வைத்து எடுக்கும் முடிவு எவ்வளவு தகும் என்பதை ஆங்கிலத்தில் வேலிடிட்டி (validity) என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'செல்லுபடித்தன்மை' என்ற சொல்லே போதும் என்று ஐயா எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. பஸ் பாஸ் என்றால் செல்லும், இல்லையென்றால் செல்லாது. தேர்வுக்கு அப்படி ஒரே முத்திரை குத்த முடியாது.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் நம் அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புத் தாளில் நாலு வரி நீளத்தில் ஒரு வாக்கியக் கணக்கு இருக்கிறது என்று வையுங்கள். 'ஆளுக்கு', 'மீதி' என்ற சொற்கள் பிடிபடாமல் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி அதை விட்டுவிடுகிறாள். எண்ணாக எழுதிக் கொடுத்தால் போட்டுவிடுவாள். அதே மாதிரித் தாளை மறுநாள் கொடுத்தாலும் அதே மதிப்பெண்தான் வரும், நம்பகத்தன்மைக்கு, அதாவது திரும்ப வைத்தாலும் மதிப்பெண் மாறாத தன்மைக்கு, குறைவில்லை. ஆனால் அதை வைத்து 'இவளுக்குக் கணக்கு வராது' என்று எழுதினால் அது அநியாயம். 'தமிழில் படித்துப் புரிந்துகொள்ள இன்னும் உதவி வேண்டும்' என்று எழுதினால் சரி.

தாளும் மாறவில்லை, மதிப்பெண்ணும் மாறவில்லை. அதிலிருந்து நாம் எடுக்கும் முடிவுதான் ஒன்று தகும், இன்னொன்று தகாது. தேர்வு மதிப்பீட்டை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் சாமுவேல் மெசிக் 1989-ல் வற்புறுத்தியது இதைத்தான். அமெரிக்காவின் மூன்று அமைப்புகள் சேர்ந்து 2014-ல் வெளியிட்ட சோதனை நெறிமுறைகளும், எந்தப் பயனுக்காக மதிப்பெண்ணுக்குப் பொருள் கொள்கிறோமோ அதற்குச் சான்று எவ்வளவு துணை நிற்கிறது என்றே பார்க்கின்றன.

பி.எட். புத்தகங்களில் உள்ள 'ஏற்புடைமை' இதைவிடத் தேவலை. ஆனாலும் ஆசிரியரும் பெற்றோரும் ஏற்றுக்கொண்ட தேர்வு என்ற பொருளுக்கு அது எளிதில் நழுவிவிடுகிறது.

அதனால் 'பயன்பொருத்தம்' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. பொருத்தம் என்றாலே எதற்கு என்று கேட்கத் தோன்றும். கூடும், குறையும் என்றும் சொல்லலாம். 'ரெலவன்ஸ்' என்பதற்கும் பொருத்தம்தானே என்பீர்கள். முன்னால் நிற்கும் 'பயன்' அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். கிளைச் சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன: பாடம் முழுவதையும் தாள் தொடுகிறதா என்பதற்கு உள்ளடக்கப் பொருத்தம், பின்னாளில் எப்படிப் படிப்பார் என்று கணிப்பதற்கு முன்கணிப்புப் பொருத்தம்.

கணக்குத் திறன், வாசிப்புத் திறன் போல, நேரில் காண முடியாமல் தேர்வு மூலம் அளக்க முனையும் பண்பைக் குறிக்கும் 'கன்ஸ்ட்ரக்ட்' (construct) மட்டும் இன்னும் இடிக்கிறது. 'கருத்தமைவு' என்று தற்காலிகமாக எழுதி வருகிறேன். கோவை, ஈரோட்டுப் பக்கம் ஆசிரியர் பயிற்சி வகுப்பு எடுப்பவர்கள் அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.