சேவல் ஆடுவது ஹார்மோனாலா, பெட்டையைப் பார்த்தா?

காட்டுச்சேவல்:
நேற்று இங்கே ஒருவர், சேவல் ஒரு இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு பெட்டையைச் சுற்றி வருவது வெறும் பழக்கம் என்று எழுதியிருந்தார். இல்லைங்க. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்தோல்ட் என்பவர் 6 இளம் சேவல்களை வைத்துச் சோதித்து 1849-இல் எழுதியதைப் பாருங்கள். 2 சேவல்களுக்கு முழுசாகக் காயடித்துவிட்டார். மற்ற 4-க்கும், நரம்பு அறுபட்ட ஒரு விரையை மட்டும் வயிற்றுக்குள் விட்டுவைத்தார். முதல் இரண்டும் கொண்டை சுருங்கி, பெட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் திரிந்தன. மற்ற நான்கும் கூவின, சண்டை போட்டன, பெட்டையைத் துரத்தின. பிறகு அறுத்துப் பார்த்தால், விரைக்கு ரத்தக்குழாய் மட்டும் புதிதாக முளைத்திருந்தது, நரம்பு இல்லை. அப்படியென்றால் வேலை செய்தது ரத்தத்தில் போன ஏதோ ஒன்று. 1935-இல்தான் அந்த ஹார்மோனுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் வந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கழுத்துவளையம்:
பெர்தோல்ட் சொன்னது சரிதான். ஆனால் ஹார்மோன் மேலே உட்கார்ந்து ஆணையிடுகிறது, பறவை ஆடுகிறது என்பது பாதிக் கதை. அமெரிக்காவில் டேனியல் லேர்மன் என்ற ஆய்வாளர் வளையப் புறாக்களைக் கண்ணாடித் தடுப்புக்கு இரு பக்கமும் வைத்துப் பார்த்தார். ஆண் தலையைத் தாழ்த்திக் குனுகுவதைப் பார்த்தே பெண்ணின் சூலகம் (முட்டை உருவாகும் உறுப்பு) வளரத் தொடங்கியது. தொடவே இல்லை! இங்கே நடத்தைதான் ஹார்மோனைக் கிளப்புகிறது. பறவை ஆய்வாளர் விங்ஃபீல்டும் அவருடைய சகாக்களும் 1990-இல் வைத்த கருதுகோளும் இதே பக்கம்தான்: ஒரு ஆண் பறவையின் எல்லைக்குள் இன்னொரு ஆண் நுழைந்தால், அந்த மோதலே டெஸ்டோஸ்டிரோனை ஏற்றிவிடும்.

காட்டுச்சேவல்:
நீங்கள் சொன்ன புறாவே எனக்குச் சாட்சி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காயடித்த ஆணை வைத்தபோது என்ன ஆயிற்று? அது குனுகவில்லை, பெண்ணின் சூலகமும் அந்த அளவுக்கு அசையவில்லை. முதல் தீப்பொறி எங்கிருந்து வந்தது?

முட்டைக்கடை:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டில் முட்டை நின்றுபோன ஒரு கிழட்டுப் பெட்டைக்குக் கொண்டை பெருத்து, ஒரு நாள் விடியற்காலையில் கூவியே விட்டது. அபசகுனம் என்று ஆத்தா அன்றைக்கே குழம்பு வைத்துவிட்டார். இதுவும் ஹார்மோனா அண்ணே?

காட்டுச்சேவல்:
ஆமாம். கோழிக்கு இடப்பக்கச் சூலகம் மட்டும்தான் வேலை செய்யும். அது கெட்டுப்போனால் வலப்பக்கம் சும்மா கிடந்தது சில சமயம் விரை மாதிரி வளரும். குழம்பு வைத்ததற்கு மட்டும் ஹார்மோன் பொறுப்பில்லை.

கழுத்துவளையம்:
:) ஆனால் மயில்தோகையையும் டெஸ்டோஸ்டிரோன் கணக்கில் எழுதிவிடாதீர்கள். காயடித்த மயிலுக்கும் தோகை முளைக்கும். சூலகம் போன பெண்மயிலுக்கும் முளைக்கும். பெண்மயிலைத் தோகையில்லாமல் வைத்திருப்பது சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்.

காட்டுச்சேவல்:
தோகை வேறு, ஆட்டம் வேறு. நாம் பேசுவது ஆட்டத்தை. ஜப்பானியக் காடையின் மூளையில் அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அதைத் தடுத்தால், ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் இருந்தும் ஆண் காடைக்குப் பெட்டை மேல் நாட்டம் குறைந்துவிடுகிறது. 'ஆண் ஹார்மோன்', 'பெண் ஹார்மோன்' என்று பிரித்து எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம்.

கழுத்துவளையம்:
ஹார்மோன் தேவையே இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? அது மட்டும் போதாது என்கிறேன். உங்கள் சேவலுக்கே வருவோம். தீனியைக் கண்டால் தலையை ஆட்டி, 'கொக் கொக்' என்று பெட்டையைக் கூப்பிடும். ஆனால் கூட்டத்துத் தலைமைச் சேவல் பக்கத்தில் இருந்தால், சின்னச் சேவல் தலையை மட்டும் ஆட்டும், சத்தம் வராது. பெரியது கவனிக்காதபோது சத்தமும் வரும். அது பெரியது திரும்பிக்கொண்ட அந்த நொடியில் ஏறி இறங்கிய ஹார்மோனா?

காட்டுச்சேவல்:
அது பயம். காயடித்த சேவலுக்கு அந்தக் கள்ளத்தனமே தோன்றாது.

முட்டைக்கடை:
எங்கள் கொட்டகையில் ரெண்டு சேவல் இருக்கிறது. பெரியதை ஞாயிற்றுக்கிழமை கூடையில் கவிழ்த்து மூடிவிட்டு, சின்னது வாயைத் திறக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

கழுத்துவளையம்:
கூடைக்கு மேல் சாக்கையும் போடுங்கள். சின்னது உள்ளே எட்டிப் பார்த்தால் கணக்கு கெட்டுவிடும்.