தறி மெக்கானிக்குகளுக்குச் சீனம் சொல்லித்தர எந்தப் பயிற்சி எடுக்கலாம்?

அஸ்தம்பட்டி மாணவி:
வணக்கம். எச்எஸ்கே என்ற சீனமொழித் தேர்வில் 4-ம் நிலை முடித்திருக்கிறேன். கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு நெசவாலையில், சீனாவிலிருந்து வந்த ரேப்பியர் வகை விசைத்தறிகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்குகளுக்கு வகுப்பெடுக்கக் கூப்பிடுகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்திருக்கிறேன். தறியைப் பற்றி ஒன்றும் தெரியாது. சீனமொழி ஆசிரியர் சான்றிதழ் எழுதினால் போதுமா?

சூரமங்கலம் வாத்தியார்:
எழுதுங்கம்மா, நல்லதுதான். எழுத்துத் தேர்வு, நேர்முகம் இரண்டும் உண்டு. வகுப்பு நடத்தும் முறை பிடிபடும். ஆனால் அது பொதுச் சீனத்துக்கு. பிசிடி என்ற வணிகச் சீனத் தேர்வின் பாடங்களோ வியாபாரப் பேச்சுக்கு. எச்எஸ்கே 4-ன் 1200 சொல்லைத் தலைகீழாகப் படித்தாலும் பேரிங் வராது, பாவு நூல் (நெடுக்கு நூல்) வராது.

என்னிடம் பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களை நான் முதலில் ஷெட்டுக்குத்தான் அனுப்புவேன். மெக்கானிக் பக்கத்தில் நில்லுங்கள். தறியின் திரையைப் படம் எடுங்கள், மேனுவலில் பழுதுப் பட்டியலைப் பாருங்கள். தறி நின்றால் ஊடை (குறுக்கு நூல்) அறுந்ததா, பாவு அறுந்ததா என்று திரை சொல்லும். ஊடை, பாவு இரண்டுக்குமான சீன எழுத்துகளில் இடப்பக்கம் ஒரே நூல் குறி. வலப்பக்கத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். இதைக் கண்ணுக்குப் பழக்குவது ஒரு முழுப் பாடம். அதற்கும் முன்னால் சிவப்புப் பொத்தான்: அவசர நிறுத்தம். கை போகிற விஷயம், அதைத் தள்ளிப்போடவே கூடாது.

உச்சரிப்பில் தொனியைவிட மூச்சொலிதான், அதாவது மூச்சைத் தள்ளிச் சொல்லும் ஒலிதான், நம் ஆட்களுக்குச் சிரமம். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக் காட்டுங்கள், ஆடினால் மூச்சு வருகிறது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

மேச்சேரி ஃபிட்டர்:
மேடம், எங்களுக்குப் பேசுவதைவிட எழுதுவதுதான் அவசரம். 2020-ல் வீசாட் என்ற சீனச் செயலியை இந்தியாவில் தடை செய்த பிறகு, தறிக் கம்பெனியின் சீன இன்ஜினியரிடம் மெயிலில்தான் கேட்கிறோம். என்ன பழுது, எப்போதிருந்து, எந்தப் பார்ட் என்று நாலு வரி எழுத வந்தால் போதும். அப்புறம், ஷிஃப்ட் முடிந்த களைப்பில் வகுப்பு வைக்காதீங்க.

அஸ்தம்பட்டி மாணவி:
நன்றி அண்ணா. சார், தறி ஓட்டவும் நான் கற்க வேண்டுமா?

சூரமங்கலம் வாத்தியார்:
வேண்டாம். தொழில் அவர்களுக்குத் தெரியும். எந்தப் பாகம் எதற்கு என்று அவர்களைச் சொல்லவிட்டு, அதற்கான சீனத்தை நீங்கள் கொடுங்கள். சம்பளம் பேசும்போது ஷெட்டில் நிற்கும் நாட்களையும் சேர்த்துப் பேசுங்கள். அதுவும் பாடம் தயாரிக்கிற வேலைதான்.