புதுப்பிப்பு: வேலூர் விக்கி சந்திப்பு ஒருவழியா நடந்துச்சு

தமிழ் விக்கிப்பீடியாவுல எழுதுறவங்க வேலூர்ல நேர்ல சந்திக்கலாமா, எங்க வெச்சுக்கலாம்னு போன மாசம் கேட்டிருந்தேன்ல, ஞாயித்துக்கிழமை நடந்து முடிஞ்சுது. ரயில்ல வர்றவங்களுக்கு ஈஸின்னு நிறைய பேர் காட்பாடி சொன்னீங்க, ஆனா கோட்டையிலயே வெச்சுக்கிட்டோம், ஏன்னா காலையில போட்டோ எடுத்துட்டு அப்புறம் உக்காந்து எழுதலாம்ல.

மதில், அகழி, ஜலகண்டேசுவரர் கோயில் கோபுரம்னு ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. மத்தியானம் நண்பரோட டியூஷன் சென்டர்ல லேப்டாப்போட உக்காந்தோம். மீட்டிங் நடத்தப் போறவங்க இத கவனிங்க: ஒரே வைஃபைல, அதாவது ஒரே ஐபில (இணைய இணைப்போட முகவரி), விக்கிப்பீடியால ஒரு நாளைக்கு 6 புது கணக்குக்கு மேல தொடங்க விடாது, ஸ்பேம் தடுக்க வெச்ச வரம்பு. ஏழாவது ஆளு மொபைல் டேட்டாவுக்கு மாறித்தான் உள்ள வந்தாரு. முன்கூட்டியே சொல்லி விலக்கு வாங்கலாம், இல்ல வீட்லயே கணக்கு தொடங்கிட்டு வரச் சொல்லிடுங்க, அதுதான் பெட்டர்.

நல்லா ஓடின வேலை மாவட்டம் மாத்தறதுதான். 2019ல வேலூர பிரிச்சு ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு தனியா ஆக்கினாங்கல்ல, சில ஊர் கட்டுரைல இன்னும் பழசே கெடந்துச்சு. ஆம்பூர் தம்பி ஒருத்தன் "இன்னாண்ணா, எங்க ஊர இன்னும் வேலூர்லயே வெச்சிருக்கீங்க"ன்னு கேட்டுட்டு, அவனே உக்காந்து சான்றோட மாத்துனான். பிரியாணி எப்ப வாங்கித் தருவேன்னு கேட்டதுக்கு மட்டும் பதிலே இல்ல.

அடுத்தது முத்து மண்டபம், கண்டி கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சமாதி பாலாத்தங்கரைல இருக்குல்ல, அங்க. ராணிப்பேட்டை பக்கத்துல இருந்து வர்றவங்க சொல்லுங்க, சேந்து வண்டி பேசிக்கலாம்.