பிள்ளை பெத்து மூணாம் நாள் வாற அழுகை ஆருக்குக் கூட?

களுவாஞ்சிக்குடி_அக்கா:
தங்கச்சிக்கு வாற மாசம் தலைப்பிள்ளை. மாப்பிள்ளை கட்டார்ல. மாதவிடாய்க்கு முன்னுக்கு அவவுக்கு எப்பவும் அழுகையும் எரிச்சலும்தான். கிளினிக்கில இரத்தம் குறைவு எண்டும் சொல்லிட்டாங்க. இப்படிப் பட்டவங்களுக்கு பேபி புளூஸ் (பிள்ளை பெத்த கையோட வாற அழுகை, மனக்கலக்கம்) மத்தவங்களை விடக் கூடுதலா வருமா?

கல்லடி_வாட்:
வரலாம். நஞ்சுக்கொடி வெளியேறினதோட ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்ட்ரோன் எண்ட ஹோமோன் ரெண்டும் சடாரெண்டு இறங்கும். அது எல்லாருக்கும் நடக்கிறது, அதுவும் ஒரு காரணமெண்டு சொல்றாங்க. பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு இந்த அழுகை வருது. மாதவிடாயோட மனம் மாறுறவங்களை இந்த இறக்கம் கூடுதலா ஆட்டும். முன்னம் மனச்சோர்வு வந்தவங்க, குடும்பத்தில அது இருந்தவங்க, வயித்தில பிள்ளை இருக்கக்குள்ளயே பதகளிச்சவங்க, அவசரமா சிசேரியன் ஆனவங்க, இவங்களையும் கவனிக்கணும்.

2ம், 3ம் நாள் தொடங்கி 5ம் நாள் அளவில உச்சம், 14 நாளுக்குள்ள நிண்டிரும். பால் கட்டி நெஞ்சு வலிக்கிறதும் அதே நாளையில. சுகப்பிரசவமெண்டா அதுக்குள்ள டிக்கட் வெட்டி அனுப்பிருவாங்க, ஆகவே இதைக் காணப்போறது வாட் இல்ல, நீங்கதான்.

இரத்தம் குறைவுக்குக் குடுக்கிற இரும்புக் குளிசையை தேத்தண்ணியோடயோ கல்சியத்தோடயோ போடாம, தேசிக்காய்த் தண்ணியோட போடச் சொல்லுங்க.

பாண்டிருப்பு_உம்மா:
வீட்டால மாத்தக்கூடியது நித்திரைதான். பச்சப்பிள்ளை நாளைக்கு 8 முதல் 12 தரம் பால் குடிக்கும். ராவு ஒரு தரம் பால் குடுத்து முடிஞ்சதும் பிள்ளையை உங்கட அம்மா வாங்கி ஏப்பம் விடுத்து, துணி மாத்தி, வேற அறையில வச்சிருக்கட்டும். தங்கச்சியை அடுத்த பாலுக்கு மட்டும் எழுப்புங்க. பகல்ல ஆக்கள் வாற நேரத்தை ஒரு மணித்தியாலமாக் குறைங்க. "பால் காணாது, மா கரைச்சுக் குடு" எண்டு சொல்ற ஆக்களை வாசலோட அனுப்பினாலும் பாவமில்ல. பத்தியச் சரக்குக் கறி குடுங்க, ஆனா தண்ணியை மறிக்காதீங்க.

களுவாஞ்சிக்குடி_அக்கா:
14 நாள் கழிஞ்சும் நிக்காட்டி?

கல்லடி_வாட்:
அப்ப அது புளூஸ் இல்ல, மனச்சோர்வா எண்டு பாக்கணும். மிட்வைஃப் வீட்ட வரக்குள்ள பிள்ளை பெத்த தாய்மாரின்ட மனச்சோர்வைக் கண்டுபிடிக்கிற எடின்பரோ கேள்வித்தாளைக் கேளுங்க. கடந்த 7 நாளைப் பத்தி 10 கேள்வி, மொத்தம் 30 புள்ளி. முதல் கிழமையே நிரப்பினா புளூஸாலயே புள்ளி ஏறிரும். 10வது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்துற எண்ணம் பத்தினது. அதில "ஒருநாளும் இல்ல" எண்டதைத் தவிர வேற எந்த மறுமொழி எண்டாலும் மொத்தம் எவ்வளவெண்டு பாக்காதீங்க, அண்டைக்கே டொக்டரிட்டக் காட்டணும். ராவில கதைக்க ஆள் வேணுமெண்டா தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு அடிங்க.

வாழைச்சேனை_தம்பி:
ஒண்டு விட்டுட்டீங்க. பிள்ளை நித்திரையில இருந்தும் தாய் நித்திரையே இல்லாம, தொடர்பில்லாமக் கதைச்சு, வீட்டாக்களைச் சந்தேகப்பட்டா அது பிரசவத்துக்குப் பிந்தின சைக்கோசிஸா இருக்கலாம். 1000 பேரில ஒண்டு ரெண்டு பேருக்குத்தான் வரும். முன்னம் பைபோலார் (மனநிலை ஒரேயடியா ஏறி இறங்குற வருத்தம்) இருந்தவங்களுக்கு ஆபத்து கூட. நம்மட பக்கம் பேய் எண்டு நூல் கட்டி நாள் போக்குவாங்க. கட்டுறதெண்டா கட்டுங்க, ஆனா 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ் வந்த பிறகு. தாயையும் பிள்ளையையும் தனிய விடவேணாம்.